லொட்ஜின் முன்சுவர்: சீமெந்தை உரித்துச் சுண்ணாம்பு பூசிய எட்டு மாதம்

எங்கள் லொட்ஜின் முன் விறாந்தைச் சுவர் இருபது வருடத்துக்கு மேலாக உப்புக் கக்கிக்கொண்டிருந்தது. மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் போதும், மேசைக்குப் பின்னால், சாவிப் பலகைக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். அப்பா தும்புத்தடியால் தட்டிவிடுவார். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் ஒரு பூச்சுப் பெயின்ற் அடிப்போம். ஆவணிக்குள் அது தோல் உரிந்து தொங்கும். வருடா வருடம் இதே பாடு. போன மாரியில் ஓர் இரவு, விரித்து வைத்திருந்த பதிவுப் புத்தகத்தின் மேலேயே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாந்துத் துண்டு விழுந்தது. இனிப் பெயின்ற் வேண்டாம், சுவரையே பார்ப்போம் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

லொட்ஜ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஆறு அறை, ஒரு குசினி, ஒரு கிணறு. விறாந்தையில் நின்றால் ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்ணீர் தெரியும். சுற்றிவர மலை அணைத்திருப்பதால் அங்கே அலை இல்லை. புதிதாக வருகிறவர்கள் விடியக்காலையில் எழும்பி வந்து பார்த்துவிட்டு, "இது என்ன குளம்?" என்று கேட்பார்கள். குளமில்லை, கடல்தான் என்று சொல்லிச் சொல்லி அப்பாவுக்குச் சலித்ததே இல்லை.

தொடங்கியவர் என் பூட்டன். 1927-ல் திருகோணமலைக்கு ரயில் வந்தது. கல்லோயாவில் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா என்று வந்து சேரும் பாதை. இரவு ரயிலில் இறங்கியவர்கள் விடியும்வரை ஸ்டேஷனில் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துக் கொடுத்தாராம். பிறகு பாய் கட்டிலானது, பின்வளவில் அறைகள் எழும்பின. வழக்குக்கு வந்தவர்கள், நெல் வியாபாரிகள், துறைமுகத்தில் வேலை தேடி வந்தவர்கள், கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் என்று நாலு தலைமுறையாக ஆட்கள் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள்.

சரி, சுவருக்கு வருகிறேன்.

மாசி: முதலில் தண்ணீர்

கிண்ணியாவிலிருந்து ஒரு மேசனைக் கூட்டிவந்தேன். வயது அறுபத்தைந்துக்கு மேல். அவருடைய வாப்பாவும் மேசன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கடைசி ஆட்களில் ஒருவர். அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நானா வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை. வெளியே போய்க் கூரையைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். அப்புறம் உள்ளே வந்து, விரலை மடக்கிச் சுவரில் அடி முதல் மேல்வரை தட்டிக்கொண்டே போனார். இடுப்பளவு உயரத்துக்குக் கீழே எல்லாம் வெறும் பானையைத் தட்டுகிற சத்தம்.

"மகள், இது எப்ப சீமெந்து பூசினது?"

2002-ல். போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, பாதை திறந்து, ஆட்கள் மறுபடி வரத் தொடங்கிய நேரம். எத்தனையோ வருடம் பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து, முன்பக்கம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அப்பா பூசுவித்தார். அன்றைக்கு வீட்டில் இருந்த சந்தோசம் எனக்கு நல்ல ஞாபகம். அப்பா கையிலிருந்த காசு முழுவதும் அந்தச் சுவரில்தான் போனது.

நானா தலையை ஆட்டினார். "வெளித் தண்ணி உள்ளுக்கு வராது எண்டு சீமெந்து பூசுறாங்க. உள்ளுக்கு இருக்கிற தண்ணி எங்கால போறது?"

விசயம் அவ்வளவுதான். எங்கள் சுவர் 18 அங்குல மொத்தம். முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டியது. முருகைக்கல் கடலில் பிறந்தது. அதன் துளைகளுக்குள் உப்பு இருக்கிறது. போதாததற்குக் கடற்காற்றும் கொண்டுவந்து சேர்க்கிறது. நிலத்திலிருந்து ஈரம் கல்லுக்குள் ஏறும்போது உப்பும் கரைந்து ஏறும். வெளியே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியாக ஆவியாகிவிடும். உப்பு மேலே பூக்கும், தட்டிவிடலாம். சீமெந்தும் பிளாஸ்டிக் பெயின்றும் இருந்தால் ஈரம் அவற்றுக்குப் பின்னால் அடைபடும். அங்கேயே உலரும்போது உப்புப் பளிங்காகி, பூச்சை உள்ளேயிருந்து நெம்பித் தள்ளும். காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்துக்கு மேலே போனால் கறியுப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும், கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும். திருகோணமலையில் ஒரே நாளில்கூட இது நடக்கும். இரவில் கரைந்து பகலில் பளிங்காகி, இருபது வருடமாகச் சுவரைத் தின்றிருக்கிறது.

அதனால் முதல் மாதம் சுவரில் கையே வைக்கவில்லை. கூரைப் பீலியில் ஒரு மூலை வேப்பிலை அடைத்து, தண்ணீர் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. அதைத் துப்புரவாக்கி, ஓட்டை விழுந்த ஒரு துண்டை மாற்றினோம். மற்றது ஒழுங்கை. காப்பெட் றோட்டுப் போட்டுப் போட்டு இப்போது அது எங்கள் விறாந்தைத் தரைக்குச் சமனாக வந்துவிட்டது. முன்பு இரண்டு படி ஏறி வருவோம். மழை பெய்தால் ஒழுங்கைத் தண்ணீர் நேரே சுவர் அடிக்குத்தான் வரும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஓர் அடி ஆழத்துக்குக் கான் வெட்டி, அடியில் சாய்வு கொடுத்து, சல்லி நிரப்பி, கிணற்றடிப் பக்கம் திருப்பிவிட்டோம். அத்திவாரத்தை ஒட்டி வெட்டினால் கல் இளகிவிடும் என்று நானா கண்டிப்பாகச் சொன்னார்.

பங்குனி: உரித்தல்

டிரில் மெசின் வேண்டாம் என்றார். அதிர்ச்சியில் கல்லுக்கு இடையில் இருக்கிற பழைய சாந்தும் கொட்டிவிடும். இரண்டு சின்ன உளி, அரை இறாத்தல் சுத்தியல், ஒரு பழைய மேசைக்கத்தி. பொள்ளலான இடங்களில் உளியைச் சரித்து நுழைத்து மெல்ல நெம்ப, சீமெந்து பலகை பலகையாகக் கழன்று வந்தது. அதன் முதுகில் உப்பு, அரிசி மா தூவினது போல. ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல்தண்ணீர்தான்.

இடுப்புக்கு மேலே அது அவ்வளவு இலேசில் வரவில்லை. அங்கே சீமெந்துக்குப் பின்னால் பழைய சுண்ணாம்புப் பூச்சு இன்னும் உறுதியாக இருந்தது. மூன்றாம் நாள் யன்னலுக்கு இடது பக்கம் கழற்றிக்கொண்டிருந்த நானா, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

சுவரில் எழுத்து இருந்தது.

கறுப்பு எழுத்து, ஒரு சாண் உயரம். இரண்டு வரியில் நாலைந்து எழுத்துத்தான் தெரிந்தது. மிச்சத்தை நானே எடுத்தேன். கத்தியின் முனையைச் சீமெந்துக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் விட்டு, ஒரு நாளைக்கு ஒரு கை அகலம். ஒன்பது நாள் பிடித்தது. மேல்வரியின் முன்பாதி போய்விட்டது. "கோணமலை" மட்டும் இருக்கிறது. கீழே "சாப்பாடு தங்குமிடம்" முழுதாக. 2002-ல் சீமெந்து பிடிப்பதற்காகச் சுவரைக் கொத்திவிட்டிருக்கிறார்கள். எழுத்து முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. ஆனாலும் வாசிக்கலாம்.

அந்த "லை"தான் என்னை நிறுத்தியது. இப்போது நாங்கள் எழுதுகிற மாதிரிக் கொம்பு தனியாக, ல தனியாக இல்லை. ல-வின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு சுழி மேலே எழும்பி வளைந்து முன்னால் வருகிறது. தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபிறகு மெல்ல மெல்ல மறைந்துபோன வடிவம். அப்பாவின் பள்ளிக்கூடப் புத்தகங்களில் நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் பயிற்சி பெற்ற கைகாரர் இல்லை. "சா"வின் கால் கொஞ்சம் சரிந்திருக்கிறது. "ம்" முடிகிற இடத்தில் தூரிகையில் மை தீர்ந்து மயிர் மயிராகக் கோடு தெரிகிறது. ஆனால் அந்தத் துதிக்கையை மட்டும் ஒரே இழுப்பில், கை நடுங்காமல் போட்டிருக்கிறார். பூட்டனின் கையாக இருக்கும் என்று அப்பா சொல்கிறார். பழைய பதிவுப் புத்தகத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும் லை-யோடு வைத்துப் பார்த்தேன். சுழி ஒரே போலத்தான் வளைகிறது.

யன்னல் நிலையை ஒட்டிய விளிம்பில் பூச்சு நேராக உடைந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்து டோர்ச் அடித்துப் பார்த்தால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, நூல் நூலாக. மேலே மஞ்சட்காவி. அது அப்பா இளந்தாரியாக இருந்த காலத்தில் அடித்தது, அவரே கலக்கியது. அதற்குக் கீழே வெள்ளை நாலைந்து கோடு. பிறகு ஒரேயொரு நீலக் கோடு. அப்பா பார்த்ததும் சொன்னார்: 1963 கோணேசர் கோயில் கும்பாபிசேகம். போர்த்துக்கேயர் 1622-ல் இடித்த கோயில், முன்னூறு வருடத்துக்கு மேல் கழித்துக் கட்டி எழுப்பிக் கும்பாபிசேகம் செய்த வருடம். எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வந்து ஆறு அறையும் போதாமல், இந்த விறாந்தையிலும் பின்வளவிலும் பாய் போட்டுப் படுத்தார்களாம். அதற்காக அப்பம்மா துணிக்குப் போடுகிற நீலத்தைச் சுண்ணாம்பில் கரைத்துச் சுவருக்கு அடிப்பித்திருக்கிறா. நீலம் ஏன் ஒரு பூச்சோடு நின்றுவிட்டது என்று கேட்டேன். அடுத்த வருடம் டிசம்பரில் சூறாவளி. ஓடு பறந்து, சுவர் நனைந்து, நீலம் திட்டுத் திட்டாகக் கரைந்து போனதாம். பிறகு கிடைத்த வெள்ளையை அடித்து மூடினார்கள்.

இன்னும் கீழே, எழுத்துக்கும் அடியில், ஒரு சாம்பல் நிறக் கோடு. நான் முதலில் ஊத்தை என்று நினைத்தேன். சுரண்டிப் பார்த்தால் சுண்ணாம்போடு கலந்த கரி. அப்போதுதான் அப்பப்பா சொல்லித் திரிந்த ஒரு கதை நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், வெள்ளைச் சுவர் மேலேயிருந்து தெரியும் என்று பூட்டன் அடுப்புக்கரியை இடித்துச் சுண்ணாம்பில் கலந்து அடித்தார் என்பது. நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1942 ஏப்ரல் 9-ந் தேதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன. ஒன்று எண்ணெய்த் தாங்கியில் மோதியே விழுந்தது. ஊர் வெறிச்சோடியது. எங்கள் வீட்டாரும் தம்பலகாமத்துக்குப் போய்விட்டார்கள். அந்த வருடப் பதிவுப் புத்தகத்தில் சித்திரைக்குப் பிறகு பக்கம் பக்கமாக வெறுமை. இப்போது அதே கதை சுவரிலும் இருக்கிறது, அரை மில்லிமீற்றர் மொத்தத்தில். அப்பப்பா இருக்கும்போதே இதைக் காட்ட முடியாமல் போனது எனக்கு இன்றைக்கும் வேதனைதான்.

சித்திரை முதல் ஆனி வரை: காயவிடுதல், நீற்றுதல்

உரித்த சுவரை மூன்று மாதம் சும்மா விட்டோம். ஆட்கள் வந்து போகிற இடம், பார்க்க நன்றாகத்தான் இல்லை. ஆனால் காயாத சுவரில் எதைப் பூசினாலும் வீண். கிழமைக்கு ஒருதரம் உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டி, கீழே விரித்த சாக்கில் ஏந்தி, வளவுக்கு வெளியே கொட்டினேன். சுவரடியில் விட்டால் அடுத்த மழையில் மறுபடி ஏறிவிடும். தண்ணீரால் கழுவவும் கூடாது.

முன்பு முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். கடற்கரைகளில் முருகைக்கல் எடுப்பது 1988-லிருந்து சட்டப்படி தடை. அது நல்லதுதான், புறாமலைத் தீவுப் பக்கம் மிச்சமிருக்கிற முருகையாவது உயிரோடு இருக்கட்டும். ஆகவே மாத்தளைப் பக்கத்துச் சூளையிலிருந்து கட்டிச் சுண்ணாம்பு எடுப்பித்தோம். அது டொலமைட் கல். அதில் மக்னீசியம் கலந்திருப்பதால் நீறுவதற்குக் கூடநேரம் எடுக்கும். சரியாக நீறாமல் பூசினால் பல மாதம் கழித்துச் சுவருக்குள் நீறி, பொரிந்து குழி விழும். கடைசிப் பூச்சுக்கு முன் இரண்டு மாதமாவது தண்ணீருக்குள் கிடக்கவேண்டும் என்று நானா கணக்குச் சொன்னார். மூன்று மாதம் விட்டோம்.

நீற்றுகிற நாள் மறக்க முடியாதது. இரும்புப் பரலில் பாதிக்குத் தண்ணீர். கட்டியை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள்தான் போடவேண்டும். கட்டியின்மேல் தண்ணீரை ஊற்றினால் தெறித்துக் கண் போய்விடும். முதல் கட்டி விழுந்து ஒரு நிமிசம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு உள்ளே ஏதோ புரளுகிற சத்தம், கட்டி வெடித்துப் பூவாய் விரிந்து, பரல் முழுக்கச் சோறு கொதிக்கிற மாதிரிக் கொதித்தது. நாங்கள் இருவரும் கண்ணாடி போட்டு, முழங்கைவரை கையுறை போட்டு, நீளத்தடியால் கிண்டினோம். கொதி அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடிவைத்தோம். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது தயிர் போல இருந்தது. கரண்டியால் வெட்டினால் வெட்டு அப்படியே நின்றது.

மணல் மகாவலி மணல். ஒரு போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஓர் இரவு வைத்துப் பார்த்தேன். மணலுக்கு மேலே ஒரு விரல் மொத்தத்துக்குச் சேறு. மூன்றுதரம் கிணற்றுத் தண்ணீரில் அலசியபிறகுதான் தெளிந்தது. கடற்கரை மணல் பக்கமே போகக்கூடாது.

ஆடி: கெட்டுப்போன முதல் பூச்சு

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று குழைத்து, சுவரை நனைத்து, வாசலின் வலது பக்கம் 4 அடிக்கு 6 அடி பூசினோம். மத்தியானம் கச்சான் காற்று எழும்பியது. ஆடிக் கச்சானை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கே இருந்து அடுப்படிச் சூடாக வரும். பின்னேரம் பார்த்தால் பூச்சு முழுக்க வலை போல வெடிப்பு. மூன்றாம் நாள் விரலால் தேய்க்க மாவாக உதிர்ந்தது.

தப்பு என்னுடையது. ஆவணி கடைசிவரை பொறுப்போம் என்று நானா சொன்னார். வெளிநாட்டிலிருக்கும் சொந்தங்கள் விடுமுறைக்கு வருவதற்குள் முடிக்கவேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். சுண்ணாம்பு சீமெந்து மாதிரி இறுகுவதில்லை. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதற்கு அளவான ஈரம் வேண்டும். தண்ணீர் ஒரேயடியாகப் போய்விட்டால் அது கல்லாக மாறுவது நின்றுவிடும்.

முழுவதையும் சுரண்டி எடுத்தோம். நானா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சுரண்டிக்கொண்டிருக்கும்போதுதான், 2004 சுனாமியில் கிண்ணியாவிலிருந்து வந்து இதே விறாந்தையில் மனைவி பிள்ளைகளோடு பதினொரு நாள் படுத்திருந்ததைச் சொன்னார். வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தது எனக்கு ஞாபகம். அவர் முகம் ஞாபகம் இல்லை. அப்பாவுக்கு இருந்தது. முதல் நாளே தெரிந்துகொண்டும் இருவரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஆவணி, புரட்டாசி: பூசினது

இரண்டாம் முறை இப்படிச் செய்தோம். விறாந்தைக்கு வெளியே கயிறு கட்டி, நனைத்த சாக்குகளைத் திரை போலத் தொங்கவிட்டோம். காலை ஆறுக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நிறுத்தினோம். முதல்நாள் இரவும் வேலை தொடங்கு முன்னும் சுவருக்குத் தண்ணீர் தெளித்தோம். அடிப்பூச்சில் மணலில் கொஞ்சத்தைக் குறைத்து, இடித்துச் சலித்த செங்கல் தூள் சேர்த்தோம். ஈரமான இடத்தில் சாந்து இறுகுவதற்கு அது உதவும். ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேலே போகவில்லை. நானாவின் வாப்பா பனங்கட்டித் தண்ணீர் சேர்ப்பாராம். ஒரு சின்ன மூலையில் போட்டுப் பார்த்தோம். கரண்டிக்கு வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது உண்மை. ஆனால் எறும்பு வந்தது, மிச்சத்துக்குச் சேர்க்கவில்லை.

அடிப்பூச்சுக்கும் மேற்பூச்சுக்கும் நடுவில் பன்னிரண்டு நாள். தினம் இரண்டுதரம் தெளிப்பு. நானா பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நகம் பதிந்தால் இன்னும் பொறு, பதியாவிட்டால் அடுத்தது. மேலே பெயின்ற் கிடையாது. பால் பதத்துக்குக் கரைத்த சுண்ணாம்பில் நீலம் கலந்து ஐந்து பூச்சு. அப்பம்மாவின் நீலத்தை அப்பா கண்ணால் பார்த்தவர், அவரே கலக்கினார். ஈரத்தில் கடுமையாகத் தெரிந்த நிறம், காய்ந்ததும் விடியற்காலை வானம் மாதிரி வெளுத்து வந்தது.

எழுத்து இருக்கிற இடத்தை மூடவில்லை. 5 அடிக்கு ஒன்றரை அடி, பழைய பூச்சு அப்படியே தெரிய விட்டு, விளிம்பை மட்டும் மெல்லிய சாந்தால் அணைத்தோம். கனடாவிலிருக்கும் தம்பி, எழுத்தின்மேல் கறுப்பு ஓட்டிப் பளிச்சென்று ஆக்கினால் என்ன என்று கேட்டான். எனக்குச் சம்மதமில்லை. மேலே ஓட்டினால் அது என் கை எழுத்தாகிவிடும். கொத்தின குழிகளையும் நிரப்பவில்லை. அவை 2002-ன் அடையாளம்.

கார்த்திகை

மழை தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் இதை எழுதுகிறேன். கானில் தண்ணீர் ஓடுகிறது, சுவரடி நனையவில்லை. சாவிப் பலகைக்குக் கீழே ஒரு கைப்பிடி அளவுக்கு மெல்லிசாக உப்புப் பூத்தது. தூரிகையால் தட்ட உதிர்ந்தது, பூச்சு அசையவில்லை. இன்னும் இரண்டு மூன்று மாரிக்கு இப்படி வரும் என்று நானா முன்பே சொல்லியிருக்கிறார்.

நாலாம் அறையின் மேற்குச் சுவரும் இதே நிலைதான். அதற்கான சுண்ணாம்பை ஐப்பசியிலேயே நீற்றிவிட்டோம். கிணற்றடியில் பரல் மூடியிருக்கிறது, மேலே நாலு விரல் தண்ணீர். அது குறையாமல் பார்ப்பது இப்போதைக்கு அப்பாவின் வேலை.